முனைவர் பட்டத்தில் ஈரானியல் துணைப்பாடம்: 9 கிரெடிட்டும் அதற்கு அப்பாலும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் முனைவர் பட்டத்துக்குச் சேரும் மாணவர் தம் முதன்மைப் பாடத்தை மட்டும் படித்து ஆய்வேடு எழுதிவிட முடியாது. வேறொரு துறையின் பாடத்தைத் துணைப்பாடமாக ஏற்று அதிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். அரிசோனா, இந்தியானா, விஸ்கான்சின் பல்கலைக்கழகங்கள் இந்த வழக்கத்துக்குப் பேர்பெற்றவை. அரிசோனாவில் முதன்மைப் பாடத்துக்கு 36 கிரெடிட், ஆய்வேட்டுக்கு 18 கிரெடிட் என்றால் துணைப்பாடத்துக்குக் குறைந்தது 9 கிரெடிட் என்பது பொது விதி. அதாவது மூன்று பாடங்கள். அதே பல்கலைக்கழகத்தில், ரோஷன் அறக்கட்டளையின் கொடையால் அப்பெயரைத் தாங்கி நடக்கும் பாரசீக, ஈரானியல் பட்டமேற்படிப்புத் திட்டம், முழு முனைவர் பட்டத்தோடு இத்தகைய துணைப்பாடத்தையும் வழங்குகிறது. வரலாறு, மானிடவியல், மொழியியல், சமயவியல், கலை வரலாறு என எந்தத் துறையின் மாணவரும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

துணைப்பாடம் என்றவுடன் இளங்கலையில் ஒப்புக்குப் படித்த ஒரு தாளை நினைத்துக்கொள்வது இயல்பு. முனைவர் பட்ட நிலையில் அதன் இடம் வேறு. இதற்குத் தனி ஆய்வேடு கிடையாது என்றாலும், ஆய்வேட்டைத் தொடங்குமுன் மாணவர் எழுத வேண்டிய முழுமைத் தேர்வு முதன்மைப் பாடத்தையும் துணைப்பாடத்தையும் சேர்த்தே சோதிக்கிறது. துணைப்பாடத் துறையின் பேராசிரியர் தேர்வுக் குழுவில் அமர்கிறார். பல நேரங்களில் ஆய்வேட்டுக் குழுவிலும் தொடர்கிறார். ஆராய்ச்சியை மையமாகக் கொண்ட முனைவர் பட்டத்தை அமெரிக்கா 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியைப் பார்த்தே அமைத்துக்கொண்டது. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் வாய்மொழித் தேர்வு ஒரு முதன்மைப் பாடத்திலும் இரண்டு துணைப்பாடங்களிலும் நடப்பது நெடுங்கால மரபு. ஒரே துறைக்குள் மூழ்கியவர் தம் சான்றுகளை ஒரே கோணத்தில் பார்த்துவிடுவார் என்ற கவலையே இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

ஈரானியலுக்கு இந்தக் கவலை வேறெந்தத் துறையையும்விட நன்றாகப் பொருந்தும் என்பது என் கருத்து. ஈரானியல் தனக்கென ஓர் ஆய்வுமுறையைக் கொண்ட துறையாகப் பிறந்ததில்லை. மொழிநூலார், அகழாய்வாளர், சமய வரலாற்றாளர், இலக்கிய ஆய்வாளர், அரசியல் அறிஞர் ஆகியோர் தத்தம் கருவிகளோடு வந்து சந்திக்கும் இடமாகவே அது வளர்ந்தது. அதனால் இதில் முதன்மைப் பட்டம் பெறுவோர் எண்ணிக்கை சிறிது. வேறொரு துறையில் வேரூன்றிக்கொண்டு ஈரானியலையும் கற்றவர்களின் பங்களிப்போ பெரிது.

முதலில் இப்புலத்தின் எல்லையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஈரான் என்ற இன்றைய நாட்டோடு அது முடிவதில்லை. ஈரானிய மொழிக்குடும்பம் பரவிய நிலம் முழுவதும் இதன் பரப்பாகும். பழங்காலத்தில் சரதுசுத்திர நெறியின் மறைநூலான அவெஸ்தாவின் மொழியும் பண்டைய பாரசீகப் பேரரசை ஆண்ட அக்கிமெனிய அரசர்களின் பழம் பாரசீகமும். இடைக்காலத்தில் பகலவி என்று வழங்கும் நடுக்காலப் பாரசீகம், பார்த்தியம், சோக்தியம், பாக்திரியம், கோதானியம். இக்காலத்தில் பாரசீகம், குர்து, பஷ்டு, பலூச்சி, காகசஸ் மலைப்பகுதியின் ஒசேத்தியம், பாமிர் பீடபூமியின் சிறு மொழிகள் என்று அது விரிகிறது. ஆப்கானிஸ்தானின் தரியும் தஜிகிஸ்தானின் தஜிக்கும் பாரசீகத்தின் வடிவங்களே. முகலாய இந்தியாவின் ஆட்சிமொழி பாரசீகம். கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்களில்கூட 1837 வரை அது நீடித்தது. 1822-இல் ராஜாராம் மோகன் ராய் கல்கத்தாவில் பாரசீக மொழியில் செய்தித்தாள் நடத்தினார். பேசும் படம் என்ற வகையில் முதல் பாரசீகப் படம் 1933-இல் பம்பாயில் அர்தேஷிர் இரானியின் முயற்சியில் எடுக்கப்பட்டது. இந்திய வரலாற்றில் முனைவர் பட்டம் செய்பவருக்கு ஈரானியல் அயல்நாட்டுப் பாடமாகாது என்பதற்கு இவை போதும்.

இப்புலம் ஐரோப்பாவுக்குப் போன வழியும் இந்தியா வழிதான். ஆங்கெத்தில் துப்பெரோன் என்ற பிரெஞ்சு இளைஞர் சூரத் நகரில் பார்சி குருமாரிடம் அமர்ந்து அவெஸ்தாவைக் கற்று, 1771-இல் பாரிசில் அதன் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அது போலி என்று சாடியவர்களில் வில்லியம் ஜோன்ஸும் ஒருவர். அவரே அதே ஆண்டில் பாரசீக இலக்கண நூல் ஒன்றை வெளியிட்டவர் என்பது கவனிக்கத்தக்கது. துப்பெரோனின் மொழிபெயர்ப்பில் பிழைகள் ஏராளம் என்றாலும் மூலம் உண்மையானது என்பதைப் பின்வந்த மொழிநூலார் நிலைநாட்டினர். அவெஸ்தாவின் மிகப் பழைய கைப்பிரதிகளுள் சில, 14-ஆம் நூற்றாண்டில் குஜராத்தின் காம்பாத்தில் படியெடுக்கப்பட்டவை.

துணைப்பாடமாக ஈரானியல் என்ன செய்யும் என்பதை விதிமுறைகளை அடுக்கி விளக்குவதைவிட ஒரு சான்றைக் காட்டி விளக்குவதே சரி. தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமான சான்று கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு. சேர அரசன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 849-இல், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடி, மார் சபீர் ஈசோ என்பவர் கட்டிய பள்ளிக்கு, அதாவது கிறித்தவத் தேவாலயத்துக்கு, நிலமும் குடிகளும் வரிச்சலுகைகளும் அளித்து வெளியிட்ட ஆவணம் அது. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களுக்கு அப்பள்ளியின் காவலில் பங்கு தருகிறது. வட்டெழுத்தில், இடையிடையே கிரந்த எழுத்துக்களோடு, தமிழா பழைய மலையாளமா என்று இன்றும் விவாதிக்கப்படும் மொழியில் எழுதப்பட்டது. இதுவரை தென்னிந்தியக் கல்வெட்டியலுக்குள் அடங்கும் பொருள்தான். ஆனால் ஆவணத்தின் முடிவில் சாட்சிகளின் கையொப்பங்கள் மூன்று எழுத்துகளில் வருகின்றன: கூஃபி அரபு, பகலவி, எபிரேய எழுத்தில் எழுதிய யூதப் பாரசீகம்.

வட்டெழுத்தை மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த ஆவணம் ஓர் அரசன் ஒரு கிறித்தவப் பள்ளிக்கு அளித்த கொடை. கையொப்பங்களையும் படிக்கத் தெரிந்தவருக்கோ, கொல்லத்தின் வணிகச் சமூகத்தில் யார் யாருக்குச் சாட்சி சொல்லும் தகுதி இருந்தது, முசுலிம்களும் கிறித்தவர்களும் சரதுசுத்திரரின் நெறியினரும் யூதர்களும் ஒரே ஆவணத்தின் கீழ் எப்படிக் கூடினார்கள், இசுலாமுக்கு முந்தைய ஈரானின் கடைசிப் பேரரசான சாசானியப் பேரரசு வீழ்ந்து ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் பகலவி எழுத்து இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் எப்படி உயிரோடிருந்தது என்ற கேள்விகள் எழுகின்றன. சென்னைப் பரங்கிமலைத் தேவாலயத்தின் கற்சிலுவையைச் சுற்றி ஓடும் பகலவி வாசகத்துக்கும் இதே நிலைதான். 1547-இல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த அச்சிலுவையின் எழுத்து பகலவியே என்று ஏ.சி. பர்னெல் 1873-இல் எழுதினார்; வாசகத்தின் பொருளில் அறிஞர்களிடையே ஒற்றுமை இன்றும் ஏற்படவில்லை. தமிழ்க் கல்வெட்டியல் மாணவர் ஒருவர் ஈரானியலைத் துணைப்பாடமாக எடுக்க வேண்டிய காரணத்தை இவ்விரு சான்றுகளுமே சொல்லிவிடுகின்றன.

பகலவியைப் படிப்பது எளிதன்று என்பதையும் உடனே சொல்ல வேண்டும். நூல்களில் வழங்கிய பகலவியில் எழுத்துருக்கள் மிகக் குறைவு. காலப்போக்கில் வேறு வேறு எழுத்துகள் உருவில் ஒன்றாகிவிட்டதால் ஒரே கோடு நான்கைந்து ஒலிகளுக்கு நிற்கும். இதற்கு மேல், எழுதுபவர் அராமேயச் சொல்லை எழுதுவார், படிப்பவர் அதைப் பாரசீகச் சொல்லாக ஒலிப்பார். ‘மல்கா’ என்று எழுதியிருப்பதை ‘ஷா’ என்று படிக்க வேண்டும். பரங்கிமலை வாசகத்தைப் பற்றிய கருத்து வேற்றுமைக்கு எழுத்தின் இந்த இயல்பும் ஒரு காரணம். ஒரு பருவப் பாடத்தில் இதன் வாசலைத்தான் தொட முடியும்.

மற்றொரு சான்று பெர்செபோலிசிலிருந்து வருகிறது. சிகாகோப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசைக் கழகம் 1933-34-இல் அந்த அரண்மனை நகரின் கோட்டைச் சுவர்ப் பகுதியில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளை எடுத்தது. 1936-இல் அவை ஆய்வுக்காகக் கடனாகச் சிகாகோவுக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாலானவை தென்மேற்கு ஈரானின் பழைய மொழியான ஏலாமியத்தில் ஆப்பெழுத்தில் எழுதப்பட்டவை. ஒரு பகுதி அராமேயத்தில் உள்ளது. கிரேக்கத்திலும் பழம் பாரசீகத்திலும்கூட ஒவ்வொரு பலகை உண்டு. அக்கிமெனிய அரசர் முதலாம் தாரயவேசு (டேரியஸ்) ஆட்சியில் கி.மு. 509 முதல் 493 வரையிலான நிர்வாகக் கணக்குகள் இவை: வேலையாட்களுக்கு அளந்த தானியம், வழிப்பயணிகளுக்குக் கொடுத்த மாவும் மதுவும், பிள்ளை பெற்ற பெண் தொழிலாளர்களுக்குத் தந்த கூடுதல் பங்கு. சிந்துவெளிப் பகுதியிலிருந்து சூசா நோக்கிச் சென்ற பயணிகளும் இக்கணக்குகளில் வருகிறார்கள். ரிச்சர்ட் ஹாலக் 1969-இல் 2,087 பலகைகளின் பாடத்தை வெளியிட்டபோது, அதுவரை ஹெரோடோட்டசு முதலிய கிரேக்கரின் கண்வழியே தெரிந்த பேரரசு, தன் கணக்கப்பிள்ளைகளின் கைவழியே தெரியத் தொடங்கியது. கிரேக்க வரலாற்றை முதன்மையாகக் கொண்டவர் இதைப் புறக்கணித்து அக்கிமெனியரைப் பற்றி எழுத இனி இயலாது. பொருளாதார வரலாற்று மாணவருக்கோ பண்டைய உலகின் பெரிய அரசுக் கணக்குத் தொகுதிகளுள் ஒன்று இங்கே கிடைக்கிறது.

அதே பலகைகள் ஈரானியலின் இன்னொரு பக்கத்தையும் காட்டுகின்றன. 1997-இல் எருசலேமில் நடந்த குண்டுவெடிப்பில் காயமுற்ற அமெரிக்கர்கள், அத்தாக்குதலை நடத்திய அமைப்புக்கு ஈரான் ஆதரவளித்தது என்று வழக்குத் தொடுத்து இழப்பீட்டுத் தீர்ப்புப் பெற்றனர். தொகையை வசூலிக்க இந்தப் பலகைகளைக் கைப்பற்ற முயன்றனர். வழக்கு பல ஆண்டுகள் நீடித்து, 2018 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை மறுத்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையான ரொட்டிக் கணக்கைப் படிக்க விரும்பும் மாணவரும் இக்கால அரசியலிலிருந்து தப்ப முடிவதில்லை.

அரசியல் இப்புலத்தை உருவாக்கவும் செய்தது. 1958-இல் அமெரிக்கா நிறைவேற்றிய தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் அயல்மொழி, பிரதேச ஆய்வு மையங்களுக்குப் பணம் தந்தது. 1962 முதல் 1976 வரை ‘பீஸ் கோர்’ (Peace Corps) என்னும் அமெரிக்க அரசின் தொண்டு அமைப்பின் தொண்டர்களாக ஈரானின் ஊர்களில் வேலை செய்த அமெரிக்க இளைஞர்களில் பலர் திரும்பி வந்து ஈரான் ஆய்வாளர்களாயினர். ஈரானிய அறிஞர் எஹ்சான் யார்ஷாதர் 1968-இல் கொலம்பியாவில் ஈரானியல் மையத்தை நிறுவி, பின்னர் ஈரானியக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்; 2018-இல் மறையும்வரை அதற்காகவே உழைத்தார். எந்தத் துணைப்பாட மாணவரும் முதல் நாளில் திறக்க வேண்டியது அந்தக் கலைக்களஞ்சியத்தைத்தான். இணையத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. 1979 புரட்சிக்குப் பின் புலம்பெயர்ந்த ஈரானியச் சமூகம் வளம்பெற்றபோது, பல்கலைக்கழகங்களில் பாரசீகப் பேராசிரியப் பதவிகளும் மையங்களும் அவர்களது கொடையால் எழுந்தன. இன்று வட அமெரிக்காவில் இப்புலம் நிற்பதில் அந்தக் கொடைகளின் பங்கு பெரிது.

ஆனால் 1980-இல் இரு நாடுகளின் தூதரக உறவு முறிந்தபின், அமெரிக்காவில் படிக்கும் மாணவர் ஈரானுக்குச் சென்று மொழி கற்பதும் ஆவணக் காப்பகங்களில் அமர்வதும் அரிதாகிவிட்டது. பொருளாதாரத் தடை விதிகள், விசா, பாதுகாப்பு அச்சம் மூன்றும் குறுக்கே நிற்கின்றன. ஈரானியக் குடியுரிமையும் உள்ள மாணவருக்கு இடர் இன்னும் அதிகம். ஆகவே பேச்சுப் பயிற்சிக்குப் பலர் தஜிகிஸ்தானின் துஷான்பேக்குப் போகின்றனர். தெருவில் தஜிக் சிரிலிக் எழுத்தில் இருக்க, வகுப்பில் பாரசீகத்தை அரபு எழுத்தில் படிக்கிறார்கள். ஆவணங்களுக்கு இந்தியா, துருக்கி, பிரிட்டன் ஆகிய நாடுகளின் சேமிப்புகளையும் எண்மத் தொகுப்புகளையும் நாடுகிறார்கள். ஈரானை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஆண்ட கஜார் அரச மரபின் காலத்துப் பெண்களின் கடிதங்கள், திருமண ஒப்பந்தங்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றை ஈரானியக் குடும்பங்களிடமிருந்து பெற்று ஹார்வர்டில் அப்சானே நஜ்மாபாதியின் தலைமையில் உருவான எண்மக் காப்பகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அரசுக் காப்பகத்துக்குள் நுழைய முடியாத தலைமுறை, குடும்பப் பெட்டிகளிலிருந்து வரலாறு எழுதக் கற்றுக்கொண்டது. இதை ஒரு குறையின் ஈடாக மட்டும் நான் பார்க்கவில்லை. அரசு ஆவணங்கள் சொல்லாதவை அப்பெட்டிகளில் இருந்தன.

இனி மொழிக்கு வருவோம். 9 கிரெடிட் என்ற எண் மாணவரை ஏமாற்றும் இடம் இதுதான். துணைப்பாடத்துக்குக் கணக்கில் வருபவை பட்டமேற்படிப்பு நிலைப் பாடங்களே. பாரசீகத்தை அகர வரிசையிலிருந்து கற்கும் தொடக்க வகுப்புகள் இளங்கலை நிலையில் வைக்கப்படுவதால் பொதுவாக அந்தக் கணக்கில் சேர்வதில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் ஒருவர் பாரசீகத்தில் தொழில்முறைத் தேர்ச்சி பெற ஏறத்தாழ 44 வாரமும் 1,100 வகுப்பு மணி நேரமும் ஆகும் என்று கணிக்கிறது. தமிழையும் அதே வகுப்பில்தான் வைத்திருக்கிறது. பாரசீக இலக்கணம் எளிது, பால் வேறுபாடு இல்லை, வினைத் திரிபுகள் குறைவு என்பது உண்மை. உருது அறிந்தவருக்குச் சொற்களும் எழுத்தும் பாதி தெரிந்தவை. கடினம் வேறிடத்தில் வருகிறது: எழுத்தில் குற்றுயிர்கள் குறிக்கப்படுவதில்லை, பேச்சுநடை எழுத்துநடையிலிருந்து விலகி நிற்கிறது, அரசவைக் கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் நெடிய அணிநடையிலும் சிதைந்த எழுத்திலும் எழுதப்பட்டவை. பாரசீகக் கவிஞர் சஅதியின் (Saadi) உரைநடையைப் படிக்க முடிந்தவரும் 18-ஆம் நூற்றாண்டு வருவாய்ப் பதிவேடு ஒன்றின் முன் திகைத்து நிற்பார்; அதற்குச் சியாக் என்னும் தனிக் கணக்கெழுத்தைக் கற்க வேண்டும்.

எனவே பாரசீகம் அறியாமல் முனைவர் பட்டத்தில் நுழைபவர், முதல் ஆண்டிலேயே, முடிந்தால் அதற்கு முந்தைய கோடையிலேயே, மொழியைத் தொடங்கிவிட வேண்டும். மூன்றாம் ஆண்டில் முழுமைத் தேர்வு நெருங்கும்போது ஈரானியலை நினைப்பவருக்கு மொழிபெயர்ப்பில் படிக்கும் மூன்று பாடங்கள் மட்டுமே மிஞ்சும். அவ்வாறு செய்வதும் விதிப்படி துணைப்பாடம்தான். சான்றிதழில் வேறுபாடு தெரியாது. ஆய்வேட்டில் தெரியும். அரசியல் அறிவியலிலோ திரைப்பட ஆய்விலோ இக்கால ஈரானைப் பற்றி எழுதுபவர்கூட, நாளிதழ்களையும் நாடாளுமன்ற நடவடிக்கைகளையும் மூலத்தில் படிக்காமல் எழுதினால், பிறர் பொறுக்கி மொழிபெயர்த்ததற்குள் சிறைப்படுகிறார்.

எந்தத் துறை ஈரானியலுக்கு வீடாக இருக்கிறது என்பதையும் சேருமுன் பார்க்க வேண்டும். அரபு, எபிரேயம், துருக்கியோடு சேர்த்து மத்தியக் கிழக்குத் துறைக்குள் பாரசீகம் வைக்கப்பட்ட இடத்தில், இசுலாமிய காலமும் இக்கால அரசியலும் முன்னுக்கு வரும். இந்தியானாவில் மங்கோலியம், திபெத்தியம், உய்குர், ஹங்கேரியம் ஆகியவை கற்பிக்கப்படும் மத்திய யுரேசியத் துறைக்குள் ஈரானும் இடம்பெறுவதால், அங்கே ஈரான் கிழக்கிலிருந்து, புல்வெளிகளிலிருந்தும் பட்டுப்பாதை நகரங்களிலிருந்தும் பார்க்கப்படுகிறது. பண்டைய அண்மைக் கிழக்குத் துறையில் ஏலாமும் அக்கிமெனியரும் மேலோங்குவர். ஒரே பெயரில் வழங்கும் துணைப்பாடம் இவ்வாறு மூன்று இடங்களில் மூன்று கல்வியாகிவிடுகிறது. ஆய்வேட்டின் சான்றுகள் எந்த நூற்றாண்டில், எந்த எழுத்தில் உள்ளன என்பதை வைத்தே இதை முடிவுசெய்ய வேண்டும். பல்கலைக்கழகத்தின் புகழை வைத்தன்று. துணைப்பாட நெறியாளர் விடுப்பில் போனால் அவரிடத்தில் யார் இருக்கிறார் என்று கேட்பதும் தேவை, ஏனெனில் பெரும்பாலான இடங்களில் பகலவியோ சோக்தியமோ கற்பிப்பவர் ஒரே ஒருவர்தான்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, ஈரானியலுக்கென்றே அறிவிக்கப்படும் பேராசிரியப் பணிகள் மிகக் குறைவு. முதன்மைப் பட்டம் வரலாற்றிலோ சமயவியலிலோ இருந்து ஈரானியல் துணையாக இருப்பவர் அத்துறைகளின் பொதுப் பணிகளுக்கும் விண்ணப்பிக்கலாம். பாரசீகமும் கற்பிக்க முடியும் என்பது அவருக்குக் கூடுதல் வலு. இந்தக் கோணத்தில் துணைப்பாடம் முழுப் பட்டத்தைவிடப் பாதுகாப்பான வழி என்றே நினைக்கிறேன்.

இந்தியாவின் முனைவர் பட்ட விதிகளில் இப்படியொரு துணைப்பாடம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஒழுங்குமுறை குறைந்தது 12 கிரெடிட் பாடப்பணி கேட்கிறது. ஆய்வு நெறிமுறைத் தாளும் அதற்குள் அடங்கும். ஆயினும் அந்தக் கல்விக்குத் தேவையான நூலகங்களும் கைப்பிரதிகளும் இங்கே குவிந்திருக்கின்றன: மும்பையின் காமா கீழ்த்திசை நிறுவனம், நவ்சாரியின் மெஹர்ஜிராணா நூலகம், பாட்னாவின் குதா பக்ஷ் நூலகம், சென்னையின் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம். ஆற்காட்டு நவாபு வாலாஜாவின் காலத்தைப் பற்றிப் பாரசீகத்தில் எழுதப்பட்ட வரலாற்றை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபு, பாரசீக, உருதுத் துறையைச் சேர்ந்த முகம்மது ஹுசைன் நயினார் 1930-களில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். 18-ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தை ஆய்வு செய்யும் மாணவர், அதே நிகழ்ச்சிகளை ஆனந்தரங்கம் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்போடும் கம்பெனியின் ஆங்கிலக் கடிதங்களோடும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், இந்தியப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்தாலும் தம் நெறியாளரின் ஒப்புதலோடு பாரசீகத் துறை ஒன்றில் இரண்டு ஆண்டு மொழிப் பயிற்சியைத் தாமே சேர்த்துக்கொள்ளலாம்.